கார்டு எரர்: மெமரி கார்டு வந்த கதை

பழைய டிஜிட்டல் கேமராவுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது மக்களே. செல்ஃபோன் படம் ரொம்பத் துல்லியமாக இருக்கிறதாம், அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம்! எங்கள் புனே குடியிருப்பில் நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் பரணில் கிடந்த கேமராக்கள் கீழே இறங்கிவிட்டன. ஆன் செய்தால் பாதிப் பேருக்குத் திரையில் வருவது ‘கார்டு எரர்’. உள்ளே இருப்பது 2005, 2006-ல் லீவுக்கு ஊருக்குப் போனபோது எடுத்த படங்கள். இன்று இல்லாத தாத்தா பாட்டிகள், விற்றுவிட்ட வீடு. கம்ப்யூட்டரில் ஏற்றினோமா இல்லையா என்பதே பலருக்கு ஞாபகம் இல்லை.

கடையில் காட்டினால் “ஃபார்மேட் பண்ணிடலாம் சார்” என்பார்கள். தலையாட்டுவதற்கு முன் இந்தக் கதையைக் கேட்டுவிடுங்கள். நான் பி.காம். படித்த வங்கிக்காரன், எலெக்ட்ரானிக்ஸ் என் துறை இல்லை. ஆனால் நோண்டிப் பார்த்தால் கடைசியில் நம்ம பேரேடுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

1975-ல் கோடக்கின் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, படத்தை கேசட் டேப்பில் பதிந்தது. ஒரு படத்துக்கு 23 விநாடி! 1988-ல் ஃபியூஜி காட்டிய டி.எஸ்-1பி கேமராவில் கார்டு வந்துவிட்டது, ஆனால் பேட்டரி தீர்ந்தால் படமும் போச்சு. மின்சாரம் இல்லாமலும் நினைவு வைத்திருக்கும் ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் டோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் ஒரு வகையையும், இன்று நம் கார்டுகளில் இருக்கும் ‘நாண்ட்’ வகையை 1987-லும் உலகுக்குச் சொன்னார். மொத்தமாக ஒரே நொடியில் அழிவது கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்தான் ‘ஃபிளாஷ்’. (மசுவோகா தனக்குரிய பங்கு கேட்டு 2004-ல் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு, 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனார். அந்தச் சந்தையின் அளவுக்கு அது பொரிகடலை காசு.)

அப்புறம் ஆளுக்கொரு கார்டு. 1994-ல் சான்டிஸ்கின் காம்பாக்ட் ஃபிளாஷ், 1995-ல் ஸ்மார்ட்மீடியா, 1998-ல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் சேர்ந்து எக்ஸ்டி. நடுவில் 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், டோஷிபா மூவரும் அறிவித்த எஸ்டி கார்டுதான் கடைசியில் ஜெயித்தது.

இத்தனை புதுசிலும் ஒன்று மட்டும் பழசு. கார்டுக்குள் கணக்கு எழுதும் முறை 1977-ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் ஃபிளாப்பிக்காக எழுதியது. ‘ஃபேட்’ என்பார்கள். நான் சேர்ந்த புதிதில் கிராமக் கிளையில் பார்த்த பேரேடேதான் இது. முன்னால் ஒரு இண்டெக்ஸ்: இன்னார் கணக்கு இத்தனையாம் ஃபோலியோவில் தொடங்குகிறது. அந்தப் பக்கம் நிரம்பினால் தொடர்ச்சி எந்தப் பக்கம் என்று ஒரு குறிப்பு. ஃபேட்டில் இந்தத் தொடர்ச்சிக் குறிப்புகளை எல்லாம் ஒரே அட்டவணையாக முன்னாலேயே வைத்திருப்பார்கள், அதுவும் இரண்டு பிரதி!

விஷயமே இங்கேதான். ஒரு படத்தை டெலீட் செய்தால் கேமரா என்ன செய்கிறது? இண்டெக்ஸில் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு, அட்டவணையில் ‘இந்தப் பக்கங்கள் காலி’ என்று எழுதுகிறது. படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பல கேமராக்களில் சாதாரண ஃபார்மேட்டும் முன்பக்கங்களைப் புதிதாக எழுதுவதோடு சரி. ‘கார்டு எரர்’ என்பதும் பெரும்பாலும் இதே ரகம். படம் பதியும்போது பேட்டரி செத்தாலோ, விளக்கு எரியும்போதே கார்டை உருவினாலோ, இண்டெக்ஸ் ஒன்று சொல்லும், அட்டவணை வேறு சொல்லும். டாலி ஆகாத நாளில் கிளையைப் பூட்ட முடியாதே, அந்த மாதிரி கேமரா முரண்டு பிடிக்கிறது.

அதனால் முதல் காரியம், அந்தக் கார்டில் இன்னொரு படம் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிடுங்கள். (அந்த லாக் வெறும் பிளாஸ்டிக் துண்டு, உள்ளே எந்த இணைப்பும் இல்லை. அதைப் பார்த்து எழுதாமல் இருப்பது ரீடரின் நல்ல மனசு :-) ) பிறகு கார்டு ரீடரில் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி 2002 முதல் இருக்கிறது. இண்டெக்ஸைச் சட்டையே செய்யாமல் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைத் தேடி எடுக்கும். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல.

எதிர் ஃப்ளாட் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். அவர் கொண்டுவந்தது ஒரு 1 ஜிபி கார்டு, அதில் அவர் அப்பாவின் எண்பதாம் கல்யாணம். அப்பா காலமாகி ஆறு வருடம். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இருநூறு சொச்சம் படம் எடுத்தோம். முப்பதுக்கு மேல் பாதி சாம்பல் நிறமாகவே வந்தன. நடுநடுவே அழித்து அழித்து எடுத்த கார்டு, ஒரே படம் துண்டு துண்டாகப் பல பக்கங்களில் விழுந்திருக்கும். தொடர்ச்சிக் குறிப்பு போன பிறகு அடுத்த துண்டு எங்கே என்று எவனுக்குத் தெரியும்? ஜேபெக் மேலிருந்து கீழாக விரியும் என்பதால் மேல்பாதி மட்டும் தப்பித்திருந்தது. மாலை போட்ட படத்தில் அப்பா முகம் முழுசாக இருந்தது, மாலைக்குக் கீழே ஒன்றுமில்லை. “போதும்டே” என்றார் அண்ணாச்சி. அன்று அப்புறம் பேசவில்லை.

கார்டில் கோளாறே இல்லாமலும் எரர் வரும். முதலில் வந்த எஸ்டி முறை 2 ஜிபி வரைதான். 2006-ல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை, 2009-ல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல். மூன்றும் ஒரே அளவு, ஒரே ஓட்டையில் நுழையும். 2004 கேமராவில் இன்று வாங்கிய 64 ஜிபி கார்டைச் செருகினால் அது திருதிருவென்று விழிக்காமல் என்ன செய்யும்? இன்னொன்று, கம்ப்யூட்டரில் ‘பாட்டி வீடு’ என்று பெயர் மாற்றிய படத்தைத் திருப்பிக் கார்டில் வைத்தால் கேமரா காட்டாது. நாலு எழுத்து, நாலு எண் என்ற 1998 விதிப்படி பெயர் இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும்.

பரணில் இருப்பவர்கள் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம். கார்டில் படம் என்பது அடைத்து வைத்த மின்னூட்டம்தான், மெல்ல மெல்லக் கசியும். பொதுவாகப் பத்து வருடக் கணக்கு சொல்வார்கள், நம் கார்டுகளுக்கு இருபது ஆகப்போகிறது. எக்ஸ்டி கார்டு வைத்திருப்பவர்கள் ரீடரை முதலில் தேடுங்கள். புது ரீடர்களில் அந்த ஓட்டையே பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தக் கேமராவின் யூஎஸ்பி வயர் கிடைத்தால் அதுவே போதும், எனவே பழைய வயர் டப்பாவை இந்தத் தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.