கார்போகரிசியின் இரு குணங்கள்

செடியில் பிறந்த பொருள் உடலுக்குத் தீங்கு செய்யாது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை பண்ருட்டிப் பக்கம் வந்து, முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் விரல்களைப் பார்க்கவேண்டும். பருப்பை மூடியுள்ள ஓட்டினுள் ஊறி நிற்கும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து, கறுத்து, உரிந்துபோகும். அதற்கு அஞ்சியே விரல்களில் சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு வேலைக்கு அமர்வது வழக்கம். முந்திரியும் செடியினந்தான், அதன் பருப்பு அமுது, ஓட்டின் எண்ணெயோ நெருப்பு.

இதனை முதலிற் சொல்வதற்குக் காரணமுண்டு. நம் பாட்டனார் காலத்தில் முகத்தில் வடு என்றால் அது பெரும்பாலும் பெரியம்மையின் வடு. 1975-ஆம் ஆண்டோடு அந்நோய் நம் நாட்டை விட்டு ஒழிந்தது. இன்று இளைஞர் கண்ணாடியின் முன் நின்று வருந்துவது முகப்பரு விட்டுச்சென்ற தழும்பைக் கண்டுதான். அவ்வருத்தத்தைச் சிறிதென்று எண்ணுகிறவன் நானல்லன். ஆனால் அந்த வருத்தத்தின் மீது வாணிகம் செய்வோர், “இது மூலிகை; ஆதலின் மென்மையானது” என்று கூறும்போது, அச்சொல்லைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் குறிப்பிடும் மூலிகை நமக்குப் புதியதன்று. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால், மணமுள்ள கரிய சிறு விதைகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதை அது. வடமொழியில் அதற்குப் பாகுசி என்று பெயர். வெண்புள்ளி முதலிய தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் நெடுங்காலமாக இதனை வழங்கி வந்தனர். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றோடு குளியற்பொடியிலும் இது சேர்வதுண்டு. மேலைநாட்டார் இச்செடிக்கு இட்ட ‘சோராலியா’ என்னும் பெயர், ‘சொறி பிடித்தது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. மருந்தின் குணத்தைக் கண்டு வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். செடியின்மேல் புள்ளி புள்ளியாகத் தோன்றும் சுரப்பிகளைக் கண்டு வைத்த பெயர் அது!

1920-களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா இவ்விதையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். 1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்னும் மூவர் இவ்விதையிலிருந்து சோராலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர். விந்தையான பொருள் அது. இருளில் சாதுவாக இருக்கும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு, தோலணுக்களின் மரபுப் பொருளோடு பிணைந்துகொள்ளும். தோல் சிவந்து கொப்புளிக்கும். பின்பு கருமை ஏறும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்ன பழைய மருத்துவத்தின் உட்பொருள் இதுவே. 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் இவ்வினத்து மருந்தையும் புறஊதா ஒளியையும் இணைத்துச் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்குச் சிகிச்சை வகுத்தனர்.

விதையின் கதை அத்தோடு முடியவில்லை. 1966-இல் புணேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வகத்தில் மேத்தா, நாயக், சுக்தேவ் ஆகியோர் அதே விதையிலிருந்து வேறொரு பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். பாகுசியின் பெயரையே ஒட்டி அதற்குப் பகுச்சியால் என்று பெயரிட்டனர். அன்று அதனை முகப்பூச்சோடு சேர்த்து எண்ணியவர் எவருமிலர்.

முகப்பூச்சில் அப்போது ஆட்சி செலுத்தத் தொடங்கியிருந்தது வைட்டமின் ‘ஏ’யின் குடும்பம். 1969-இல் பிலடெல்பியாவில் கிளிக்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ரெட்டினாயிக் அமிலம் முகப்பருவுக்கு மருந்தாவதை எடுத்துரைத்தனர். ரெட்டினால் என்பது அதன் மெல்லிய உறவு. தோலுக்குள் சென்று அவ்வமிலமாகவே மாறுவது. பயன் உண்டு, ஆனால் எரிச்சலும் தோலுரிதலும் உடன்வரும். கருவுற்ற பெண்கள் இக்குடும்பத்தை விலக்கவேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை.

2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பகுச்சியால் உருவமைப்பில் ரெட்டினாலைப் போன்றதன்று எனினும், தோலணுக்களில் அதைப் போலவே பல மரபணுக்களை இயக்குகிறது என்று கூறிற்று. பின்னர், 44 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2019-இல் அச்சேறியது. ஒரு பிரிவினர் அரை விழுக்காடு பகுச்சியாலை நாளுக்கு இருமுறையும், மற்றவர் அதே அளவு ரெட்டினாலை ஒருமுறையும் பூசினர். சுருக்கமும் கருமையும் இரு பிரிவிலும் குறைந்தன. இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. எரிச்சலும் தோலுரிதலும் ரெட்டினால் பூசியவரிடமே மிகுதி.

மாணவ நண்பர்களே, இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். அச்சோதனை சுருக்கத்தையும் கருமையையும் அளந்தது. பருவினால் விழுந்த குழியை அளக்கவில்லை. பரு ஆறியபின் எஞ்சும் கறை வேறு, தோலின் அடிப்பகுதி சிதைந்து ஏற்படும் பள்ளம் வேறு. கறை மங்கக் காலமும் வெயிற்காப்பும் பூச்சும் உதவலாம். பள்ளத்திற்கோ நுண்ணூசி, லேசர் போன்ற முறைகளோடு தோல் மருத்துவர் தேவைப்படுவார்.

மற்றொன்று, சோதனையில் பூசப்பட்டது பிரித்தெடுத்த பகுச்சியால், இடித்த கார்போகரிசியன்று. விதையை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு கடலூர் வெயிலில் நடப்பவர், பகுச்சியாலோடு சோராலெனையும் சேர்த்தே பூசிக்கொள்கிறார். பாட்டியின் குளியற்பொடியில் இந்த விதை ஒரு பங்கு மட்டுமே. அதுவும் குளித்த தண்ணீரோடு போய்விடும். பிரித்தெடுத்த பகுச்சியாலுங்கூடச் சிலருடைய தோலுக்கு ஒவ்வாமல் அரிப்பைத் தந்திருக்கிறது. ஆகவே வாங்குகிற எப்பூச்சையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்து பார்ப்பது நன்று.