தோலுக்கு ஒரே நிறமா? பொம்மைகள் கூறும் வரலாறு

பள்ளிப் பிள்ளைகளின் வண்ண மெழுகுக் குச்சிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் கலந்தாற்போன்ற ஒரு குச்சி அதில் இருக்கும். 'ஸ்கின் கலர்' என்று அதற்குப் பெயர். மனித உருவம் வரையும்போதெல்லாம் முகத்துக்கும் கைகால்களுக்கும் நம் பிள்ளைகள் அந்தக் குச்சியைத்தான் தேடுவார்கள். அதே குச்சியை உங்கள் புறங்கையின்மீது வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்துகிறதா? நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. அப்படியானால் அது யாருடைய தோலின் நிறம்? தோலின் நிறம் என்று ஒரே நிறம் உண்டா?

இக்கேள்விக்கு விடை காணப் பொம்மைகளின் வரலாறு நமக்கு உதவும். பொம்மை செய்பவர்கள் இக்கேள்வியைக் கையில் தூரிகையுடன் சந்தித்தவர்கள் அல்லவா?

ஒரே மாவட்டத்தில் இருவகை வண்ணவேலை

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் வல்லம் வடகால் என்னும் ஊர் உள்ளது. இன்று அது சிப்காட் தொழிற்பூங்காவால் பெயர் பெற்றிருக்கிறது. இந்த வட்டாரத்தின் வாகன ஆலைகளில் உலோகத் தகட்டுக்கு ஒரே பூச்சாக வண்ணம் பூசுவதில்லை. முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடும் மெருகுப்பூச்சு. இப்பூச்சுகள் சூட்டடுப்பில் இறுக்கப்படுகின்றன. இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னால் ஒரு குழந்தைப் பொம்மையின் கன்னத்தில் இதையே மீண்டும் காணப்போகிறோம்.

அதே மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. அங்கே நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் செய்யப்படுகின்றன. அச்சில் வார்த்து, உலர்த்தி, மேடுபள்ளங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். கண்ணன் நீலம், இராமன் பச்சை அல்லது நீலம். கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைக்கும் உரிய நிறம் மரபில் உண்டு. இந்த வண்ணங்கள் தோலை அப்படியே காட்ட வந்தவை அல்ல. இன்னார் என்று அடையாளம் காட்ட வந்தவை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியவேண்டும் என்பதால் அழுத்தமான, ஒளி புகாத வண்ணங்களே அவற்றுக்கு ஏற்றவை.

நம் வீடுகளில் இன்னொரு பொம்மையும் உண்டு. அது செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி. அதன் உடலுக்கு வண்ணமே வேண்டியதில்லை. மரத்தின் கருஞ்சிவப்பே அதற்குத் தோல். அதற்குத் துணி சுற்றி, பொட்டு வைத்து, மடியில் கிடத்தித் தாலாட்டிய சிறுமிகளுக்கு அந்த நிறம் ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

தோலுக்குள் நடப்பது என்ன?

உயிருள்ள தோலைப்போலவே பொம்மையின் தோலும் தோன்றவேண்டுமானால் என்ன செய்வது? அதற்குத் தோலின் நிறம் எப்படி உண்டாகிறது என்பதை அறிய வேண்டும்.

சுவரில் அடித்த வண்ணத்தின்மீது விழும் ஒளி பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடுகிறது. தோல் அப்படியன்று. ஒளியின் ஒரு பகுதி தோலுக்குள் நுழைந்து, பல அடுக்குகளில் சிதறி, அலைந்து, பின்னர் வெளியே வருகிறது. வழியில் இரண்டு பொருள்கள் முக்கியமாக அதை வடிகட்டுகின்றன. ஒன்று, மேல்தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி. இன்னொன்று, அதற்குக் கீழே நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தின் ஹீமோகுளோபின். இவற்றோடு காரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் என்னும் மஞ்சள் பொருளும் சிறிது சேர்கிறது.

இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரல்களின் ஓரம் செக்கச்செவேலென்று ஒளிரும். ஒளி சதைக்குள் ஊடுருவுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

மெலனினைச் செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும் மட்டுமே வேறுபடுகின்றன. வெளுப்பான ஒருவரை நாம் தமிழில் 'சிவப்பு' என்கிறோம் அல்லவா? அறிவியல்படியும் அதில் பொருள் இருக்கிறது. மெலனின் குறைந்த தோலில் அடியிலுள்ள இரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் அதே சிவப்பு உள்ளே இருக்கவே செய்கிறது. மெலனின் திரை அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

மெழுகு முதல் வினைல் வரை

ஐரோப்பாவின் பொம்மைத் தொழிலாளர்கள் இந்த விஞ்ஞானத்தை அறியும் முன்பே அனுபவத்தால் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். ஒளியைச் சிறிது உள்ளே விடும் பொருளே தோலுக்கு ஏற்றது என்பதுதான் அது. 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மான்டனாரி என்னும் பெண்மணியின் மெழுகுப் பொம்மைகள் பரிசு பெற்றன. வண்ணம் கலந்த மெழுகு பார்வைக்குச் சதையைப் போலவே இருந்தது. ஆனால் வெயில் பட்டால் உருகிவிடும். ஜெர்மனியில் மெருகிடாத பீங்கானில் தலைகள் செய்து, வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். அழகுதான், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். பின்னர் வந்த செல்லுலாய்டு இலேசானது, மலிவானது. ஆனால் எளிதில் தீப்பற்றக்கூடியது.

1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். விறைப்பாகவும் பயனற்றதாகவும் கருதப்பட்ட பாலிவினைல் குளோரைடை, அதிக வெப்பத்தில் கொதிக்கும் ஒரு திரவத்துடன் சேர்த்துச் சூடேற்றினார். பசை கிடைக்கவில்லை. வளையக்கூடிய, ரப்பர் போன்ற ஒரு பொருள் கிடைத்தது! சேர்த்த திரவத்தை நெகிழ்வூட்டி என்கிறோம். நெகிழ்வூட்டி சேர்ந்த இந்தப் பொருளே பேச்சு வழக்கில் வினைல். இதே குட்ரிச் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1960-களில் நம் மேட்டூரில் பி.வி.சி. தொழிற்சாலை உருவானது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொம்மை உலகை வினைல் பிடித்துக்கொண்டது. பி.வி.சி. தூளை நெகிழ்வூட்டியில் கலந்தால் கூழ் போன்ற திரவம் கிடைக்கும். அதை உலோக அச்சில் ஊற்றி, அச்சைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றினால், உட்சுவரில் ஒரே சீராகப் படிந்து இறுகும். உள்ளே கூடாக இருக்கும் தலையை மென்மையாக உள்ளபோதே அச்சிலிருந்து இழுத்தெடுத்துவிடலாம். குழந்தையின் விரல் ரேகைகூட அச்சிலிருந்து அப்படியே பதிந்துவிடும்.

நிறம்தான் சிக்கல். கூழிலேயே ஒரு நிறமியைக் கலந்துவிட்டால் உடல் முழுதும் ஒரே நிறம், உயிரற்ற தோற்றம். மேலே சாதாரண வண்ணம் பூசினாலோ, நெகிழ்வூட்டி மெல்ல மெல்ல வெளியே கசிந்து வண்ணத்தைப் பிசுபிசுக்கச் செய்யும். வினைல் பொம்மையின் முகத்தில் பேனாவால் கிறுக்கினால், அந்த மை நாளடைவில் உள்ளே ஊறிப் பரவுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இருபது பூச்சும் ஒரு குழந்தையும்

1990-களில் அமெரிக்காவில் சில பொம்மை ஆர்வலர்கள், கடையில் வாங்கிய வினைல் பொம்மையின் வண்ணத்தைத் துடைத்துவிட்டு, பிறந்த குழந்தையைப் போலவே மறுபடி தீட்டத் தொடங்கினார்கள். 'மறுபடி பிறந்தவை' என்னும் பொருளில் இவற்றுக்கு 'ரீபார்ன்' என்று பெயர். இதற்கு அவர்கள் பயன்படுத்திய வண்ணங்களுள் ஒன்று காற்றில் உலராது. ஏறத்தாழ 130 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் சில நிமிடம் வைத்தால்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லியது. பூசுவதும் சூடேற்றுவதும் மாறிமாறி இருபது முறைக்கு மேலும் நடக்கும். வாகன ஆலையில் கண்ட அதே அடுக்கு முறை!

முதலில் நீலச் சாயலில் மெல்லிய நரம்புக் கோடுகள். நரம்புக்குள் ஓடும் இரத்தம் நீலமன்று. தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் அப்படித் தெரிகிறது. அடுத்து, பஞ்சால் ஒற்றி எடுத்த சிவப்புத் திட்டுகள். பிறகு மஞ்சள் சாயல். அதன்மேல் உடலின் பொது நிறம். கடைசியில் உதடு, கன்னம், காது மடல், முழங்கால், நக இடுக்கு ஆகிய இடங்களில் கூடுதல் வண்ணம். மேலிருந்து விழும் ஒளி இத்தனை அடுக்குகளையும் கடந்து திரும்புவதால், தோலுக்குள் உயிர் ஓடுவதுபோல் தோன்றுகிறது.

கறுத்த குழந்தையைத் தீட்டும்போது வெளிர் வண்ணத்தில் கறுப்பைக் கலந்தால் என்ன ஆகும்? சாம்பல் நிறம்தான் கிடைக்கும். அங்கும் அடியில் நீலமும் சிவப்பும் வேண்டும். அவற்றின்மேல் பழுப்பு அடுக்குகள் வரவேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருக்க, அவற்றின் ரேகைகள் மட்டும் கருமையாக இருக்கவேண்டும். பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து, வளர்ந்தபின் என்ன நிறமாக இருக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. முதல் வாரங்களில் தோல் வெளிறியிருந்து பின்னர் கருமை கூடுவதும், காது மடலில் அது முன்னதாகவே தெரிவதும் பல குழந்தைகளிடம் காணக்கூடியவையே.

யாருடைய தோல்?

ஆனால் கடைகளில் குவிந்த பொம்மைகள் நெடுங்காலம் ஒரே நிறத்தில்தான் இருந்தன. இதன் விளைவை அமெரிக்காவின் கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் ஆராய்ந்தார்கள். தோல் நிறத்திலும் முடி நிறத்திலும் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, விளையாட எது வேண்டும் என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தனர். 'பார்க்க நன்றாக இல்லாதது எது?' என்றபோது பாதிக்கும் மேற்பட்டோர் தம் நிறப் பொம்மையையே சுட்டினர். 1947-இல் வெளியான இம்முடிவுகளும் சேர்ந்தே, பள்ளிகளில் நிறப்பாகுபாடு கூடாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கத் துணைநின்றன. 1962-இல் அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று தான் விற்றுவந்த குச்சியின் பெயரைப் 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயராக மாற்றியது.

'இது மனத்தைப் பொறுத்த செய்திதானே?' என்று நீங்கள் கேட்கலாம். உயிரைப் பொறுத்த செய்தியும்கூட.

நார்வே நாட்டில் ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் 1950-களில் மென்மையான வினைல் பொம்மைகள் செய்து புகழ் பெற்றிருந்தார். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகுவதற்கு, 1960-இல் அதே கைத்திறனால் ஆளுயரப் பொம்மை ஒன்றை உருவாக்கினார். விளையாட்டுப் பொம்மை மருத்துவப் பயிற்சிப் பொம்மை ஆயிற்று. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு மூச்சூட்டப் பழகும் சிறு பொம்மையை அவர் தொடங்கிய நிறுவனம் 2010-இல் வெளியிட்டபோது, வெளிர் நிறத்தில் மட்டுமன்றிக் கருநிறத்திலும் அது கிடைத்தது. நம் நாட்டில் 2009-இல் தொடங்கிய நவஜாத சிசு சுரக்ஷா திட்டத்திலும் செவிலியர்கள் இத்தகைய பொம்மைகளைக் கொண்டுதான் பழகுகிறார்கள்.

இங்கே நிறத்துக்கு என்ன வேலை? 1953-இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட அளவுகோலில், பிறந்த குழந்தையின் நாடித்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் உண்டு. 'உடல் முழுதும் ரோஜா நிறம்' என்றால் நிறத்துக்கு முழு மதிப்பெண். மெலனின் மிகுந்த குழந்தையின் தோலில் ரோஜா நிறத்தை எங்கே காண்பது? நீலம் பாய்வதையும் மஞ்சள் காமாலையையும் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிர் நிறத்தில் மட்டும் பழகிய கண்கள் இங்கே ஏமாறக்கூடும். இத்தகைய குறைபாடுகளை 2023-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வறிக்கையும் சுட்டிக்காட்டியது. விடை, பொம்மை தீட்டுபவர் அறிந்ததுதான்: மெலனின் திரை மெல்லியதாக உள்ள இடத்தில் பார்க்கவேண்டும். நாக்கு, உதட்டின் உட்புறம், ஈறு ஆகியவற்றில் நீலத்தையும், கண்ணின் வெள்ளை, ஈறு, உள்ளங்கால் ஆகியவற்றில் மஞ்சளையும் தேடவேண்டும். நிறத்தைவிட மூச்சையும் நாடித்துடிப்பையும் முதலில் கவனிக்க வேண்டும் என்று இன்றைய பயிற்சிகள் வலியுறுத்துகின்றன.

வாசகர்களே, அந்தக் குச்சிப் பெட்டியை மறுபடி எடுங்கள். பழுப்பு, சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் நீலம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லத் தேய்த்து, உங்கள் புறங்கையின் நிறம் வரும்வரை முயன்று பாருங்கள். பிறகு உள்ளங்கையின் நிறத்துக்கும் முயலுங்கள். எத்தனை வண்ணங்கள் தேவைப்பட்டன என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ அடுத்த முறை 'ஸ்கின் கலர்' கேட்டால், "யாருடைய தோலுக்கு?" என்று அன்போடு திருப்பிக் கேளுங்கள்.