குளவி வயிற்றில் குளிர்காலம்

இத்தாலியின் டஸ்கனியில் அக்டோபரோடு திராட்சை அறுவடை ஓய்ந்துவிடும். கொடியில் மிஞ்சிய பழங்களும் அழுகி உதிரும். இனிப்பு தீர்ந்த அந்தத் தோட்டத்தில் ஒயினை உண்டாக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட் எங்கே போய்ப் பிழைக்கிறது? அதற்குச் சிறகில்லை. காற்றில் பரவும் வித்துகளும் இல்லை.

2012-இல் துச்சியோ கவாலியேரி உள்ளிட்ட இத்தாலிய ஆய்வாளர்கள் விடையைக் குளவியின் குடலில் கண்டார்கள். இலையுதிர் காலத்தில் பழத்தைக் கடிக்கும் இளம் ராணிக் குளவி, சாற்றோடு ஈஸ்ட்டையும் விழுங்குகிறது. கூட்டிலுள்ள மற்றவை குளிரில் மடிய, கருவுற்ற ராணி மட்டும் ஏதோ ஓர் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். வசந்தம் வந்ததும் புதுக் கூடு கட்டி, தன் புழுக்களுக்கு வாயிலிருந்து இரை ஊட்டும். அந்த ஊட்டலில் ஈஸ்ட் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. குளவிக் குடலுக்குள்ளேயே ஈஸ்ட்டுகள் ஒன்றோடொன்று கலந்து புது வகைகள் பிறக்கின்றன என்பதும் 2016-இல் தெரியவந்தது.

பழம் கனியும்போது குளவி மறுபடி தோட்டத்துக்கு வந்து பழத்தைக் கடிக்கிறது; ஈஸ்ட்டும் அதில் இறங்குகிறது. தோல் கிழியாத பழங்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றில்தான் இந்த ஈஸ்ட் இருக்கும். அடிபட்ட பழங்களில் நாலில் ஒன்றில் இருக்கும். ஆய்வாளர்கள் மார்ட்டிமரும் பொல்சினெல்லியும் 1999-இல் வெளியிட்ட கணக்கு இது. குளவி கிழித்த பழத்தில் காடி நாற்றமும் ஏறும், விவசாயிக்கு நட்டம்தான். ஆனாலும் கூட்டைக் கண்ட இடத்திலெல்லாம் மருந்தடித்து அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொடியைத் தின்னும் கம்பளிப்புழுக்களைப் பிடித்துத் தன் புழுக்களுக்கு ஊட்டுவதும் இதே குளவிதான். குளவி தங்கும் வரப்போரப் புதர்களையும் மரங்களையும் விட்டுவைக்கிற தோட்டக்காரர், தன் ஒயினுக்கு வேண்டிய ஈஸ்ட்டுக்கும் இடம் விடுகிறார்.

பறித்த பழத்தை நசுக்கிப் புளிக்கவைக்கும் தொட்டியில் முதலில் ஆட்டம் போடுவது இந்த ஈஸ்ட் அல்ல. பழத்தோலில் ஏராளமாக இருக்கும் ஹான்சேனியாஸ்போரா போன்றவை சாற்றை நுரைக்க வைக்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். அது ஐந்தாறு சதவீதத்தை எட்டும்போது மற்றவை தளர்ந்துவிடும். சாக்கரோமைசிஸ் மட்டும் 14, 15 சதவீதம்வரை தாங்கிக்கொண்டு, மிச்சச் சர்க்கரையைத் தின்று தீர்க்கும்.

சாக்கரோமைசிஸ் தலைதூக்கும்வரை காத்திருப்பது ஆபத்தானது. இடையில் கெட்ட பாக்டீரியா புகுந்தால் தொட்டி முழுதும் பாழ். அதனால்தான் பெரும்பாலான ஆலைகள் பாக்கெட் ஈஸ்ட்டைப் போட்டு, கந்தக டைஆக்சைடையும் கலக்கின்றன. சில தோட்டக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே கொஞ்சம் பழம் பறித்து நசுக்கிப் புளிக்கவிடுகிறார்கள். நன்றாகப் புளித்ததை, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், பெரிய தொட்டியில் ஊற்றுகிறார்கள். மெட்ஷ்னிகோவியா புல்செர்ரிமா என்ற இன்னொரு ஈஸ்ட்டை நசுக்கிய பழத்தில் தூவுவோரும் உண்டு. அது சாற்றிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கெடுக்கும் கிருமிகள் பல பெருக வழியில்லாமல் போகிறது.

சர்க்கரை தீர்ந்ததும் சாக்கரோமைசிஸ் செத்து அடியில் வண்டலாகப் படியும். செல்சுவர் மெல்ல உடைந்து புரதமும் மாவுச்சத்து போன்ற பொருள்களும் ஒயினில் இறங்க, குடிக்கும்போது வாயில் ஒரு கொழுமை தெரியும். இந்த வண்டல் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் வண்டலோடு வைத்திருக்கும் ஒயினில், ஆக்சிஜனால் கெடாமலிருக்கவும் சேர்க்கும் கந்தக டைஆக்சைடைக் குறைத்துக்கொள்ளலாம்.