ஒல்லாந்தர் காலத்து ஈழக் கத்தோலிக்கர்

1658இல் மன்னார்க் கோட்டையும் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. புதிய ஆட்சியாளர் புரொட்டஸ்தாந்துச் சபையைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டிலேயே கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவித்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர், கோவில்கள் ஒல்லாந்தச் சபையின் உடைமையாயின. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் அங்குள்ள தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. அப்பதிவு இல்லாவிட்டால் பிள்ளைகளின் முதுசொத்து உரிமைக்கு உறுதியில்லை. இதனால் பலர் வெளியே ஒல்லாந்தர் கோவிலில் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டுக்குள் பழைய செபங்களைச் சொல்லிவந்தனர்.

சிலர் ஊரையே விட்டு வெளியேறினர். 1670ஆம் ஆண்டையொட்டி மாந்தைக் கத்தோலிக்கர் தங்கள் கோவிலிலிருந்த மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். திருவுருவம் நிலைகொண்ட மருதமடு, பின்னர் மடு மாதா திருத்தலம் ஆயிற்று.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றிக் கழிந்தன. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகள் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து ஈழம் வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் முடியாத நிலையில் இருந்தார். தேறியபின் கந்தல் உடுத்து, கழுத்தில் செபமாலையுடன் வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை ஊரவர் அவரை மறைத்து வைத்தனர். பூசை இரவில் நடந்தது. விடியுமுன் அவர் வேறு வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார்.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். 1692இல் உளவாளி என்ற சந்தேகத்தில் அங்கே சிறையிடப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடிய நாட்களில், வாஸ் அடிகளும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளும் அவர்களைக் கழுவித் துடைத்தனர், கஞ்சி ஊட்டினர், இறந்தவர்களை அடக்கம் செய்தனர். அதன்பின் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவு அவர்களுக்கு உறுதியாயிற்று. பௌத்த மன்னன் ஒருவனின் நாடு, கிறிஸ்தவ ஆட்சியால் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்குப் புகலிடமானது.

குரு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாக இருந்த காலம் அது. ஆகவே வாஸ் அடிகள் ஊர் மக்களையே பொறுப்பில் அமர்த்தினார். மூப்பர் ஊரின் காரியங்களைப் பார்த்தார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் செபத்தை நடத்தினார். சாகக்கிடப்பவர் அருகில் இருந்து செபித்தார். வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தபோது, இந்த ஒழுங்கு பல ஊர்களில் வேரூன்றியிருந்தது.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அந்த மக்களின் கைக்குப் புத்தகங்களைக் கொடுத்தார். அவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளை விரிக்கும் தமிழ் நூல். தவக்காலத்தில் அதை ஒருவர் ஒப்பாரி இராகத்தில் வாசிக்க, சனங்கள் முழந்தாளிட்டுக் கேட்பர். வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். குரு இல்லாமலும் அதை நடத்தலாம். கட்டுண்டு, அடிபட்டு, சொந்தவர்களால் கைவிடப்பட்ட ஆண்டவரின் கதையில் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் நிலையைக் கண்டனர். தங்கள் துன்பம் கடவுள் தங்களை மறந்ததற்கு அடையாளமல்ல, அவரும் நடந்த வழியே என்ற உறுதியை அந்த வாசிப்பு ஆண்டுதோறும் புதுப்பித்தது.

1795-96இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். ஒன்றரை நூற்றாண்டு நீடித்த அடக்குமுறைக்குப் பின்னும் கத்தோலிக்கர் தொகையில் புரொட்டஸ்தாந்தரை விஞ்சியிருந்தனர். தோம்புக்காக மட்டும் ஒல்லாந்தச் சபையில் பெயர் வைத்திருந்தவர்கள், கட்டாயம் நீங்கியதும் அதை விட்டு விலகினர். கோவிலும் குருவும் பறிபோன காலத்தில் விசுவாசத்தைக் காத்த மூப்பரும் அண்ணாவியாரும் வீட்டுச் செபமும், விடுதலைக்குப் பின்னும் ஈழத்துக் கத்தோலிக்க வாழ்வின் தூண்களாகவே நின்றன.