கிழக்கடாவின் கிடை

கடையநல்லூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கிடை என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அறுவடையான வயலில் இராத்திரி ஆடுகளை மடக்கிப் போட்டால் வயலுக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலி. ஆனால் எந்த ஆட்டுக்காரருக்கும் அடங்காத ஆடு ஒன்றுக்கும் கிடை உண்டு. திருவில்லிபுத்தூரிலிருந்து அகத்தியமலை வரை, ஊருக்கு மேற்கே நீளும் மலைத்தொடரில், உச்சிப் பாறைகளில் ஆங்காங்கே வாழும் வரையாடுதான் அது. சங்கப் புலவர்கள் வருடை என்று அழைத்த பிராணி.

வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'ஐபெக்ஸ்' என்று வேறொரு காட்டாட்டின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் பொருந்தவில்லை. வரையாடு வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். துரைமாரின் கண்ணெல்லாம் கிழக்கடாவின் மேல்தான். வயது முதிர்ந்தால் கடாவின் மேனி கறுத்து, முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறம் படரும். அதனால் அதைச் 'சேண முதுகன்' என்ற பொருளில் 'சாடில்பேக்' என்றார்கள்.

அதை நெருங்குவது இலேசான காரியமல்ல. விடியலில் புல்வெளியில் மேயும் ஆடுகள், வெயில் ஏறியதும் செங்குத்துப் பாறையின் விளிம்புகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் நின்று காவல் காக்கும். பெரும்பாலும் அது பெட்டையாகவே இருக்கும். ஆபத்து கீழிருந்துதான் வரும் என்பது அவற்றின் எண்ணம். ஆகவே தேர்ந்த வேட்டைக்காரன் முதல் நாளே புழுக்கையையும் குளம்படியையும் பார்த்துக் கிடையைத் தெரிந்துகொள்வான். மறுநாள் சுற்றி வளைத்து மேலே ஏறி, அங்கிருந்து இறங்குவான். பகலில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசுவதால் அவன் வாடை ஆட்டுக்கு எட்டாது. அதன் பிறகும் அவசரம் ஆகாது. விளிம்பில் படுத்திருக்கும்போது சுட்டால் கடா பாதாளத்தில் விழும், கொம்புகூட மிஞ்சாது. எழுந்து உள்ளே வரும் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பொறுமை எல்லாருக்கும் இருந்ததா? இல்லை. நீலகிரியில் பெட்டை, குட்டி என்று பாராமல் சுட்டுத் தள்ளியதில் மந்தைகள் தேய்ந்துபோயின. 1877-இல் வேட்டைக்காரர்களே கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சென்னை சர்க்கார் நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் செய்தது. சீட்டு வாங்க வேண்டும், குறித்த மாதங்களில் சுடக்கூடாது என்று விதிகள் வந்தன. முதிர்ந்த கடாவை மட்டுமே சுடுவது என்ற வழக்கமும் நிலைத்தது. இதில் ஒரு நியாயம் உண்டு. கிழக்கடா ஆண்டின் பெரும்பகுதி பெட்டைகளைப் பிரிந்தே திரியும். மழைக்காலத்தில்தான் வந்து சேரும். கிழவன் ஒருவன் போனால் குலம் அழியாது. தாய் போனால் அழியும்.

ஆனால் இதே சரித்திரத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கிடை எங்கே என்று துரைக்குக் காட்டியவன் யார்? கூடப் போன மலைநாட்டு ஷிகாரி. ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. அத்தகைய புத்தகங்களில் துரையின் பெயர் இருக்கும்; துப்பாக்கியின் அளவு இருக்கும்; வழிகாட்டியின் பெயரைப் பெரும்பாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். சீட்டு வைத்திருந்த துரைக்கு வேட்டை விளையாட்டு. சீட்டு வாங்க வகையில்லாத மலைவாசிக்கு அதே காரியம் குற்றம். ஆட்டைக் காப்பாற்றிய சட்டம், ஆட்டை அறிந்தவனை அந்நியனாக்கிவிட்டது.

மூணாற்றுத் தோட்டக்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். இரவிகுளம் மேட்டில் முதுவர்களையே காவலுக்கு வைத்தார்கள். அந்த மேடு 1975-இல் சரணாலயமாயிற்று. 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளத்தின் 1,352 வரையாடுகளில் 841 அங்கேதான் இருந்தன. தமிழ்நாட்டில் எண்ணியது 1,303.

1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வரையாட்டைச் சுட யாருக்கும் சீட்டு கிடையாது. இன்று அந்தப் பாறைகளில் ஏறுகிறவர்கள் எண்ணிக் கணக்கெடுக்கப் போகிறார்கள். 1975-இல் மலைமலையாக ஏறி எண்ணிய குன்னூர் வக்கீல் ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழக அரசு வரையாடு தினமாக்கியிருக்கிறது. நல்லதுதான். எண்ணப் போகிறவர்களும் புழுக்கையைப் பார்க்கிறார்கள், காற்றைப் பார்க்கிறார்கள், மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வித்தை பழையதே. அதைக் கற்றுக் கொடுத்தவனுக்குத்தான் இன்னும் ஒரு தினம் வரவில்லை.