தீவகக் கூத்திசை

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்கக் கடலோர ஊர்களில், குறிப்பாக மெலிஞ்சிமுனையில், ஆடப்படும் தென்மோடி நாட்டுக்கூத்தின் இசை. கூத்தின் மற்றொரு வகையான வடமோடியில் ஆட்டம் ஓங்கும்; தென்மோடியிலோ பாட்டே நாடகத்தை நடத்தும். விருத்தம், கொச்சகம், தரு, வெண்பா எனப் பாவகைகள் கட்டத்துக்கேற்ப மாறும். பாத்திரம் தன் வருகையை அறிவிக்கும் வரவுத்தருவுடன் களரி (கூத்து மேடை) ஏறும்.

இசையமைப்பாளர் எனத் தனியொருவர் இல்லை. மெட்டைப் பழக்குவதும் தாளம் போட்டு ஆற்றுகையை நடத்துவதும் கூத்தின் ஆசானான அண்ணாவியாரே. மத்தளமும் தாளமும் பழைய பக்கவாத்தியங்கள். ஆர்மோனியம் பின்னாளில் சேர்ந்தது.

இவ்விசையின் உயிர் பிற்பாட்டு. நடிகர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து திருப்பிப் பாடுவர். விடிய விடியப் பாடுபவருக்கு அது மூச்சு வாங்க இடம் தந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் சொல்லைக் கொண்டுசேர்த்தது. ஒலிவாங்கி வந்தபின் நடிகர்கள் அதன் முன்னேயே நிற்க நேர்ந்து ஆட்டம் சுருங்கியது. இது பெரிய இழப்பு.

நாட்டுக்கூத்து மரபின் கூறுகள் நவீன அரங்கிலும் பயன்பட்டன. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ (1985) நாடகம் அதற்குச் சிறந்த சான்று. இசையமைப்பாளர் கண்ணனின் இசையில் பாடகர் குழுவும் அதில் ஒரு பாத்திரமாகவே இயங்கியது.