உள்ளூர்த் திட்டம்: கிள்ளான் மக்கள் ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி?

எந்த நிலம் வீடமைப்புக்கு, எது தொழிற்சாலைக்கு, எது கோயிலுக்கும் பள்ளிக்கும் என்பதைக் குறிக்கும் ஆவணம்தான் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் உள்ளூர்த் திட்டம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) கீழ் கிள்ளானுக்கு இதைத் தயாரிப்பது கிள்ளான் அரச மாநகர் மன்றம். மாநிலத் திட்டமிடல் குழு அங்கீகரித்த பின் மேம்பாட்டு விண்ணப்பங்கள் இதையொட்டியே பரிசீலிக்கப்படும்.

அதற்கு முன், வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வார அவகாசம் உண்டு. ஆட்சேபிப்பவர் நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை:

1. குடியிருப்பு, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் லாட் எண்ணை வரைபடத்தில் தேடுங்கள். பழைய தோட்டக் கோயில் நிற்கும் நிலம் ‘வீடமைப்பு’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், பேச வேண்டிய நேரம் அதுவே.
2. லாட் எண், காரணம், கோரும் மாற்றம் மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்.
3. விசாரணையில் நேரில் விளக்க விரும்பினால், அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.
4. பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் உண்டு (சட்டம் 267, 1982). அங்கு தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட வழங்கப்பட்ட அனுமதியைக் குடியிருப்பாளர்கள் எதிர்த்து வழக்காடினர். அந்த அனுமதி செல்லாது என்ற தீர்ப்பை 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அதே திட்டத்தில்தான் முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்கா, வீடு இரண்டுக்கும் இடம் கேட்க ஏற்ற கட்டம் வரைவு நிலையே.